வெட்டாத பெயர்

இயந்திரங்கள் இரண்டும் ஓய்ந்துவிட்டன. ஓயக் கூடாத நேரத்தில் ஓய்ந்தன.

மதியம் முழுக்க அந்த முன்னறையில் காது கொடுக்க முடியவில்லை. கூரைத் தகரத்தில் மழை ஒரு பக்கம், மேசைக்கு அடியிலிருந்த சேர்வரின் மின்விசிறி ஒரு பக்கம், இரண்டும் போட்டி போட்டு இரைந்துகொண்டிருந்தன. இப்போது மழை மட்டும் இரைந்தது. மின்விசிறி, தொட்டிலில் உறங்கிப்போன பிள்ளையின் மூச்சைப் போல மெல்லச் சுழன்றது. ஜீவராஜ் குனிந்து பெட்டியின் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தான். சற்று முன்னர் கை வைக்க முடியாமல் கொதித்த இரும்பு, பனியில் வைத்த குடம் போலக் குளிர்ந்திருந்தது. விரல் நுனியில் ஈர மண்ணின் வாசனை ஒட்டிக்கொண்டது. அடைமழைக் காலத்தில் எதைத் தொட்டாலும் மண் வாசனைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விரலை இடுப்புச் சாரத்தில் துடைத்தான். வாசனை போகவில்லை.

சிவசாமி குடும்பத்தைப் பற்றி, நோர்வூட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் எந்த வரிசை வீட்டு லயத்தில் போய்க் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். அவர்கள் சொன்னால் சொன்னதுதான். தோட்டத்துத் தலைவராக இருந்த காலத்தில் சிவசாமி ஒரு வாக்குக் கொடுத்து அதை விழுங்கியதாக எதிரிகூடச் சொன்னதில்லை. அந்த மனிதர்தான் போன திருவிழாவின்போது அம்மன் கோயில் வாசலில் நின்று, மூன்று தோட்டத்துச் சனமும் கேட்கும்படி சொன்னார்: "மழை வந்தா என் மகனோட பக்கத்தப் பாருங்க. இருன்னா இருங்க, போன்னா போங்க. யாரும் எதிர்க் கேள்வி கேக்காதீங்க. நான் ஜவாப்தாரி."

பக்கம் என்றது மண்சரிவு எச்சரிக்கைப் பக்கத்தை. மலை நனைந்து கனக்கும் நாட்களில், லயத்துக்காரர் எவரும் போனைத் திறந்து தமது லயத்தின் பெயரைக் கொடுத்தால், இருக்கலாமா, கிளம்ப வேண்டுமா, கிளம்பினால் எங்கே போவது என்பதை அது சொல்லும். ஜீவராஜும் தம்பி அழகனும் சேர்ந்து செய்தது. ஒரு சேர்வர் இந்த வீட்டில். இன்னொன்று ஹட்டனில் ரிஸ்கானின் போன் கடை மாடியில். மூன்றாவது, பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம், தோட்டத்தின் மேல் டிவிசன் வாசிகசாலையில், அழகனின் பொறுப்பில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரின் பெயரையே வைத்தார்கள். ஜீவா, ரிஸ்கான், அழகன்.

இந்த மூன்றுக்கும் முன்னால், இந்த வீட்டிலேயே, வாசல் காவல்காரனைப் போல ஒரு லோட் பேலன்சர் பெட்டி. வருகிறவர்களைப் பிரித்து, இவரை இங்கே, அவரை அங்கே என்று சுமையைப் பங்கிட்டு அனுப்புவது அதன் வேலை. யார் விரைவாகப் பதில் சொல்கிறாரோ அவருக்குக் கூடுதலாக அனுப்பும். காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட ஆட்கள் குரல் கொடுப்பதைப் போல, சில விநாடிக்கு ஒருமுறை மூன்று சேர்வர்களையும் அது கூப்பிட்டுப் பார்க்கும். உயிரோடிருக்கும் சேர்வர் ஒரே ஒரு சொல்லைத் திருப்பி அனுப்பும். அந்தச் சொல்லை வைத்தவன் அழகன்.

"இருக்கேன்."

விழுந்த சேர்வர் மறுபடி எழுந்தால், மூன்று தரம் தொடர்ந்து பதில் சொன்ன பிறகே அதற்கு ஆட்களை அனுப்ப வேண்டும் என்று விதி எழுதியவனும் அவன்தான். எழுதும்போது சிரித்தான். "நம்ம அப்பா சட்டம்ண்ணே."

அப்பாவின் சட்டம் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாலோடு புகட்டியது. பொழுது சாய்ந்தபின் மலைப்பக்கமிருந்து குரல் வந்தால், மூன்றாம் தரம் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. மண்ணுக்குள் போனது ஒரு தரம்தான் பேசும். மூன்று தரம் பேச அதற்கு மூச்சு இல்லை.

போன வருட மழையில் மேல் டிவிசன் சரிந்தது. வாசிகசாலை முன்னால் தொங்கிய தண்டவாளத் துண்டை மணியாக அடித்து அடித்து, லயத்திலிருந்த அத்தனை பேரையும் வெளியே ஓட வைத்தவன் அழகன். கடைசிக் கிழவியும் பாலத்தைத் தாண்டிய பிறகும் மணி அடித்துக்கொண்டிருந்தது. பிறகு அடிக்கவில்லை. கட்டடமும் கிடைக்கவில்லை, அவனும் கிடைக்கவில்லை.

உடம்பைக் காணாமல் கருமாதி செய்வதில்லை என்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். சிவசாமி அதில் இம்மியும் வளையவில்லை. சுவரில் மனைவியின் படத்துக்கு மாலை உண்டு. அழகன் படத்துக்குக் கிடையாது. முன்கதவுக்கு அன்றிலிருந்து தாழ்ப்பாள் போடுவதில்லை. லோட் பேலன்சரின் பட்டியலிலிருந்து மூன்றாவது பெயரை எடுக்க ஜீவராஜ் போனபோது, கிழவர் பின்னால் வந்து நின்றார். "கருமாதி ஆகாதவன் பேரப் பெரட்டுலேருந்து வெட்டக் கூடாது. இருக்கட்டும்." இருந்தது. ஒரு வருடமாகச் சிவப்பு விளக்கோடு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல்.

இன்று மதியம் மழை வலுத்ததும் சனம் மொத்தமும் பக்கத்தைத் திறந்தது. இரண்டு சேர்வர்களும் மூச்சுத் திணறின. ஒன்று விழும், எழும். அது எழுந்து மூன்று தரம் குரல் கொடுப்பதற்குள் மற்றது விழும். பக்கம் திறக்கவில்லை என்று போன்கள் அலறின. எதிர்மலையின் கீழ் லயத்தில் தங்கை வினோதா கைப்பிள்ளையோடு இருந்தாள். ஜீவராஜ் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, விதியைத் திறந்து, மூன்றை ஒன்றாக்கினான். எழுகிறவன் ஒரு தரம் குரல் கொடுத்தால் போதும், உள்ளே விடு.

அதற்குப் பிறகுதான் எல்லாம் ஓய்ந்தது.

ரிஸ்கான் போனில் வந்தான். "மச்சான், என்னடா மந்திரம் அடிச்ச? இங்க மெஷின் ஐஸ்கட்டி மாதிரி ஈக்குது. பிரியாணி திண்டுட்டுப் படுத்த மாமனார் மாதிரி ஒரு அசைவில்ல."

"ஒன்கிட்ட எத்தன பேர் வர்றாங்க?"

"ஆரும் இல்ல. முழுக்க ஒன்ட பக்கந்தானே?"

"என்கிட்டயும் இல்ல."



"அப்ப எங்கடா போறாங்க?" என்றான் ரிஸ்கான்.

ஜீவராஜ் அப்போதுதான் மடிக்கணினியில் பட்டியலைத் திறந்தான். முதல் பெயருக்கு எதிரே பச்சை. இரண்டாவதற்கும் பச்சை. மூன்றாவதற்கும்.

சட்டென்று அவனுக்குக் கோபந்தான் வந்தது. எவனோ விளையாடுகிறான், வேறு ஏதோ கருவி அந்த முகவரியை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணி, ஒவ்வொன்றாகச் சோதித்தான். அந்த முகவரியை நேரே கேட்டான். அங்கே போகப் பாதை இல்லை என்று பதில் வந்தது. லோட் பேலன்சர் கேட்டால் மட்டும் பதில் வந்தது, நொடிக்குள், மற்ற இரண்டையும் முந்திக்கொண்டு. அதனால்தான் சனத்தையெல்லாம் அது அங்கேயே அனுப்பிக்கொண்டிருந்தது. விதியை மறுபடி மூன்றாக்கினான். பயன் இல்லை. உள்ளே வந்துவிட்டவன் தானாகப் பதில் தவறினால்தான் வெளியே போவான். அது ஒரு தரமும் தவறவில்லை.

கூரைமேல் எதிர்மலையைப் பார்த்தபடி ஒரு வட்ட ஆன்டெனாத் தட்டு இருந்தது. வாசிகசாலைக் கூரையிலிருந்த தட்டோடு பேசுவதற்காக அண்ணனும் தம்பியும் ஏறி நின்று பூட்டியது. ஒரு வருடமாக அது வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து சுவர் வழியே இறங்கிய வயரை ஜீவராஜ் பிடித்து இழுத்தான். கழன்று கையோடு வந்தது. முனையில் ஈரம். சிவந்த ஈரம். முகர்ந்தான். மண்.

பச்சை அணையவில்லை.

*இருக்கேன்.*

*இருக்கேன்.*

"ஜீவா?" ரிஸ்கானின் குரல் இறங்கிவிட்டது. "மூணாவதுல எரியுதா?"

"எரியுது."

"அந்த மெஷின மண்ணுலேருந்து எடுக்கவே இல்லயேடா." அவன் ஏதோ ஓதுவது கேட்டது. "பேர வெட்டு. இப்பவே வெட்டு. ஒங்க வாப்பா ஏசினா நான் வந்து கால்ல விழுறன்."

கோடு அறுந்தது.

ஜீவராஜ் தன் போனில் பக்கத்தைத் திறந்து, தங்கையின் லயத்தைக் கொடுத்தான். *உடனே கிளம்புங்கள். கீழே ரோட்டோரப் பாடசாலைக்குப் போங்கள்.* சரியாக இருந்தது. அவனே மதியம் ஏற்றிய செய்தி.  மறுபடி திறந்தான். அதே பக்கம், அதே எழுத்து, அதே நீலக் கோடு.

*உடனே கிளம்புங்கள். மேல் டிவிசன் வாசிகசாலைக்கு வாருங்கள். எல்லாருக்கும் இடமிருக்கு.*

கடைசி வரி அச்சுத் தமிழில் இல்லை. அது அழகன் பேசும் பேச்சு.

போன் அதிர்ந்தது. வினோதா.

"அண்ணே, நாங்க கெளம்பிட்டோம்." காற்றும் மழையும் பிள்ளையின் அழுகையும் அவள் குரலோடு கலந்து வந்தன. "ஒன்னும் பயப்புடாதீங்க. எல்லாரும் ஒண்ணாத்தான் போறோம்."

"எங்க போறீங்க?"

"மேலதான். நீங்கதானே போட்டிருக்கீங்க?"

"வினோதா, நில்லு! அது நான் போட்டதில்ல. திரும்பிக் கீழ எறங்கு. ஸ்கூலுக்குப் போ."

"நானும் சொன்னேண்ணே, அது மூடிப்போன எடமாச்சேன்னு. ராக்காயி அக்கா என்னையப் புடிச்சு ஏசுது. ஒங்கப்பன் கோயில் வாசல்ல நின்னு சொன்ன வாக்க நீயே நம்பலியாடின்னு கேக்குது. நான் என்னா பதில் சொல்ல?" அவளுக்கு மூச்சு வாங்கியது. ஏறிக்கொண்டிருந்தாள். "புதுசாக் கட்டியிருப்பாங்க போலண்ணே. வெளிச்சம் தெரியுது. மணிகூட அடிக்குது."

"என்னா மணி?"

"நம்ம மணிதாண்ணே," என்றாள் வினோதா, மிக இயல்பாக. "தண்டவாள மணி."

"வினோதா!"

போனில் அவள் இல்லை. திரும்பத் திரும்ப அடித்தான். கோடு கிடைக்கவில்லை. அந்த லயத்தில் தெரிந்த எல்லாருக்கும் அடித்தான். யாருக்கும் கிடைக்கவில்லை.

சன்னலைத் திறந்தான். பொழுது சாயும் நேரம். மலை முழுதும் மூடுபனி. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்தில், பனிக்குள் மங்கலாக, வெளிச்சப் புள்ளிகள். போன் வெளிச்சங்கள். ஒன்றன்பின் ஒன்றாக, கொழுந்துக் கூடையோடு பெண்கள் நிரை ஏறுவதைப் போல, வரிசை குலையாமல் மேலே ஏறின. வரிசையின் தலை போய்ச் சேரும் இடத்தில் பெரிய மஞ்சள் வெளிச்சம் ஒன்று அசையாமல் நின்றது. அங்கே வெளிச்சம் இருக்க வழியில்லை. அங்கே சுவர் இல்லை. கூரை இல்லை. மண்தான்.

டங்.

காற்றில் மிதந்து வந்தது.

முன்கதவருகே நாற்காலியில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த சிவசாமி தலை நிமிர்ந்தார்.

"அப்பா." ஜீவராஜ் அவர் பக்கம் திரும்பினான். "தம்பி பேர வெட்டணும்ப்பா."

"என்னா சொன்ன?"

"மூணாவது பச்சையாயிருச்சு. சனத்த மேல கூப்புடுது. நம்ம பேரச் சொல்லிக் கூப்புடுது. நம்பி ஏறுறாங்கப்பா. வந்து பாருங்க."

கிழவர் எழுந்து வந்தார். சன்னலைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார். அழகன் என்ற பெயருக்கு எதிரே எரியும் பச்சையை, சாமி படத்தைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார். அவருடைய தாடை நடுங்கியது. மேல் டிவிசன் சரிந்த செய்தி வந்த அன்றும் நடுங்காத தாடை.

"இருக்கேன்னு சொல்றானா?"

"அது தம்பி இல்லப்பா."

"என் புள்ள இருக்கேன்னு சொல்றான், நீ வெட்டணும்ங்கிற."

"மூணு தரம் சொல்லாம நாந்தான் உள்ள வுட்டேன். ஒரு தரத்துல வுட்டுட்டேன். தப்பு என்னோடது. வெட்ட வுடுங்கப்பா."

"கருமாதி ஆகாம பேரத் தொட நீ யாருடா?"

"வினோதா ஏறுறாப்பா!" ஜீவராஜ் கத்தினான். அந்த வீட்டில் அப்பா முகத்துக்கு நேரே அவன் கத்தியதில்லை. "புள்ளையத் தூக்கிக்கிட்டு ஏறுறா. நீங்க கோயில்ல சொன்ன வாக்க நம்பி ஏறுறா."

 டங். கிழவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வயது ஒரேயடியாக வந்து முதுகில் ஏறியதைப் போல அந்த நிமிர்ந்த முதுகு கொஞ்சங் கொஞ்சமாக வளைந்தது. பிறகு அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து, கருமாதியில் செய்வதைப் போலத் தலையில் போட்டுக்கொண்டார்.

"வெட்டு," என்றார்.

ஜீவராஜ் வெட்டினான். பெயர் போனது. பட்டியலில் இரண்டு வரிகள் மட்டும் நின்றன. இனிச் சுமை இந்தப் பக்கம் திரும்ப வேண்டும். மின்விசிறி இரைய வேண்டும். பெட்டி சுட வேண்டும். மண்டியிட்டு அதன் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான். கொதி, கொதி என்று கெஞ்சினான்.

இரும்பு குளிர்ந்துகொண்டே போனது.

நிமிர்ந்து பார்த்தான். மூன்று வரிகள்.

மூன்றாவது வரியில் பெயர் இல்லை. பச்சை மட்டும் இருந்தது. அதற்கு எதிரே, அங்கே வந்து சேர்ந்தவர்களின் எண்ணிக்கை.

லோட் பேலன்சர் பெட்டியின் வயரைப் பிடுங்கினான். பெட்டி செத்தது. தன் சேர்வரைப் பிடுங்கினான். அதுவும் செத்தது. வீட்டில் ஓடுவதென்று ஒன்றும் இல்லை. மேசைமேல் மடிக்கணினித் திரை மட்டும் ஒளிர்ந்தது. எண்ணிக்கை ஒன்று ஏறியது.

சன்னலுக்கு ஓடினான்.

வரிசையின் தலையிலிருந்த வெளிச்சம் மஞ்சளைத் தொட்டது. அணைந்தது.

திரையில் ஒன்று ஏறியது.

அடுத்தது தொட்டது. அணைந்தது. ஏறியது.

யாரும் திரும்பவில்லை. யாரும் ஓடவில்லை. முன்னால் போனவர் அணைவதைப் பின்னால் வருகிறவர் பார்க்கவில்லையா? வரிசை நகர்ந்தது. முறை தவறாமல். பொறுமையாக. "போகாதீங்க!" என்று கத்தினான். பனி குரலைத் தின்றது. "வினோதா! போகாத!" தொட்டது. அணைந்தது. எது அவள் வெளிச்சம்? எது? சற்றுத் தாழ்வாக, ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறுகையில் பிடித்ததைப் போல ஆடிக்கொண்டு ஒன்று.

அணைந்தது.

டங்.

மலை இருண்டது. மழை நின்றது. சொட்டுச் சத்தம்கூட இல்லை.

அப்போது முன்கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வெகு அருகில், நனைந்து வந்த பிள்ளை படியில் நின்று கூப்பிடுவதைப் போல, ஒரு குரல்.

"அப்பா."

ஒரே ஒரு தரம்.

ஜீவராஜ் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான். திரும்பி அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வேண்டாம். வேண்டாம் அப்பா. மூன்று தரம். நீங்கள் சொன்னது. நீங்கள்தான்.

சிவசாமி தலைத்துண்டை மெல்ல எடுத்தார். முகம் முழுதும் நனைந்திருந்தது. எழுபது வருடம் ஒரு வார்த்தையும் மாறாத மனிதர், கதவைப் பார்த்துச் சிரித்தார்.

"தெறந்துதான் கெடக்கு," என்றார். "வந்துட்டியாப்பா?"

கதவு உள்பக்கமாகத் திறந்தது. ஆள் இல்லை. பனி வந்தது. கிழவர் அதை நோக்கி நடந்தார். செருப்புப் போடவில்லை. ஜீவராஜ் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தான். கையில் நின்றது துண்டு மட்டும். படியில் கால் வைக்கும் சத்தம் ஒருமுறை கேட்டது. அடுத்த படிக்குச் சத்தம் இல்லை.

வெளியே ஒன்றும் தெரியவில்லை.

வாசற்படியைத் தாண்டி, சீமெந்துத் தரையில், சிவந்த சேறு விரலளவு அகலத்தில் மெல்ல ஊர்ந்து உள்ளே வந்தது. மேசைமேல் போன் ஒளிர்ந்தது. வினோதா. ஒரு மணி அடித்தது. நின்றது. மறுபடி ஒளிர்ந்தது. ராக்காயி அக்கா. ஒரு மணி. நின்றது. வேறு ஒரு பெயர். ஒரு மணி. வேறு ஒரு பெயர். லயத்தின் வரிசை குலையாமல், ஒவ்வொருவராக, ஒவ்வொரு மணி.

ஜீவராஜ் சுவரோடு ஒட்டி நின்றான். வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. சேறு மேசைக் காலைத் தொட்டு இரண்டாகப் பிரிந்து அவன் பக்கம் வந்தது.

போன் கடைசியாக ஒளிர்ந்தது.

அப்பா.

ஒரு மணி அடித்தது.

கண்ணை மூடாமல், மூச்சு விடாமல், அவன் இரண்டாவது மணிக்காகக் காத்திருந்தான்.